காதைத் தொட்ட கை

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே சுள்ளென்று வெயில். ஆட்டோ கழுவவில்லை. செங்கம் ரோட்டில் இரண்டு சவாரி, பிறகு கோர்ட்.

கேஸ் போட்டு ஐந்தாவது வருஷம். இன்றைக்குத்தான் எதிர்த் தரப்புச் சாட்சி ஆரம்பம். எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, இங்கே ஒரு தடவை எழுதி வைக்கிறேன். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை தாண்டி எங்கள் கிணற்று நிலம். அப்பா போன பிறகு அம்மாவுக்குப் பாதி, எனக்குப் பாதி. சித்தப்பா முன்னால் நின்று முழுசையும் லாட்ஜ்காரருக்கு விற்றார். பட்டா மாற்றணும் என்று சொல்லி ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப் போனார். நான் கையெழுத்து, அம்மா கைநாட்டு. வெளியே வந்ததும் பரோட்டா. பத்திரத்தில் என் வயசு பதினெட்டு. நிஜத்தில் ஆகவில்லை. பதினெட்டு ஆகாதவள் எழுதிக்கொடுத்தால் அது செல்லாது. அவ்வளவுதான் கேஸ். ஆனால் பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் என் வயசு பத்து மாசம் கூடுதல். அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்.

(சித்தப்பா இனிமேல் சி. முழுசாக எழுத மை வீண்.)

இன்றைய சாட்சி, என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த ஹெச்.எம். சார். ரொம்பத் தளர்ந்துவிட்டார். பதிவு தன் கையெழுத்துதான் என்று அவர் சொன்னதும் சி. முகத்தில் மினுமினுப்பு. அப்புறம் எங்கள் வக்கீல் மேடம் எழுந்தார்.

"பிறந்த சர்டிபிகேட் பாத்தீங்களா சார்?"

"கிராமத்துல யாருகிட்ட இருந்துச்சு? எல்லாம் வீட்டுப் பிரசவம்."

"அப்ப வயசை எப்படி முடிவு பண்ணீங்க?"

"கையைத் தலைக்கு மேல போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடச் சொல்லுவோம். தொட்டா அஞ்சு வயசு. இந்தப் பொண்ணு தொட்டுச்சு."

"தேதி?"

"எல்லாருக்கும் ஜூன் ஒண்ணுதான்."

கோர்ட்டே சிரித்தது. எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு ஜூன் ஒன்று பிறந்தநாள். ஒருத்தரும் அன்றைக்கு மிட்டாய் கொடுத்ததில்லை.

ஜெயித்துவிட்ட மாதிரி வெளியே வந்தேன். மேடம் முகத்தில் களை இல்லை.

"செல்வி, இதால பதிவு சந்தேகம்னுதான் ஆவும். உனக்கு நிஜமா எத்தனை வயசுன்னு தெரிஞ்சவங்க வாயைத் தொறக்கணும். பெத்தவங்க தொறக்கணும்."

அடுத்த செவ்வாய்க்கு வாய்தா. அடுத்த சாட்சி பெத்தவள்தான். அவர்கள் தரப்பில்.

ஜூலை 9, புதன்

கேஸ் ஆவணத்தில் அம்மா மூன்றாம் பிரதிவாதி. அவளும் விற்றவள் என்பதால் சேர்த்தே ஆகணுமாம். என் வீட்டில், என் சோற்றைத் தின்றுகொண்டு, எனக்கு எதிர்க் கட்சி. காலையில் எனக்கு டீ போட்டுக் கொடுத்தது மூன்றாம் பிரதிவாதி. சர்க்கரை ஜாஸ்தி.

அம்மாவிடம் கேட்டேன், செவ்வாய்க்கிழமை என்ன சொல்லப்போகிறாய் என்று. "அரிசி ஊற வைக்கணும்" என்றாள்.

அப்பா போன பிறகு இரண்டு வருஷம் சி. எங்களுக்குச் சோறு போட்டாராம். அந்த நன்றி. எந்த நிலத்து நெல் அது?

மதியம் ஆந்திரா பார்ட்டி, கிரிவலம் சுற்றிக் காட்ட. எங்கள் நிலத்துக்குச் சுற்றுச்சுவர் வந்துவிட்டது. கேட் நீலம். "இந்த இடம் யாருது?" என்று யாராவது கேட்பார்கள், மலை அங்கிருந்து அவ்வளவு அழகாகத் தெரியும். இன்றைக்கும் கேட்டார்கள்.

"பாதி என்னோடது."

ஆட்டோக்காரி சொல்வதை நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். தினமும் சொல்லுவேன்.

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து வீட்டுக்காரர் போன். கம்பெனியில் ஓ.டி.யாம். "விட்டுடு செல்வி, நிம்மதி முக்கியம்" என்றார். எனக்கு நிலம் வந்தால்தான் நிம்மதி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வாங்க வேண்டியது: பிரேக் ஆயில். என் பொண்ணு யாழினிக்கு செருப்பு. கொசுவத்தி.

ஜூலை 10, வியாழன். பௌர்ணமி

ஆட்டோவைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் விடவில்லை. ஊரே நடக்கிறது. யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் நடந்தேன். வேண்டுதல் எல்லாம் இல்லை. வேவு.

நினைத்தது சரி. நீல கேட் முன்னால் பந்தல், பேனர், அன்னதானம். லாட்ஜ்காரர் படம் பெரிசாக, சி. படம் மூலையில் சிறிசாக. சி. வெள்ளை வேட்டியில் நின்று புளியோதரை பரிமாறிக்கொண்டிருந்தார். என் நிலத்தில் நின்று புண்ணியம் சேர்க்கிறார்.

வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. கரண்டி நின்றது.

"வா கண்ணு" என்றார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க. நிலத்துக்காரி சாப்புடறதுக்குக் கம்மியா வைக்கலாமா?"

பின்னால் நின்ற அம்மா ஒருத்தி, வேலூர்ப் பக்கம் போல, "இது உன் நிலமா பொண்ணு?" என்று கேட்டாள். பாதி என்று சொன்னேன். வரிசை பூராவும் காதில் விழும்படி சொன்னேன். சி. கரண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

புளியோதரை நன்றாகவே இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

மழை வரும் போல மூட்டம், வரவில்லை.

மத்தியானம் ஒரு யோசனை. தெருப் பிள்ளைகளை வாசலில் நிற்க வைத்தேன். கையைத் தலைக்கு மேல் போடு, காதைத் தொடு.

கறிக்கடை வீட்டுப் பையன், ஆறு வயசு: தொடவில்லை. கழுத்தே இல்லை அவனுக்கு.
மாடி வீட்டு இரட்டையர், ஐந்து: ஒன்று தொட்டது, ஒன்று தொடவில்லை. இரண்டும் ஒரே நாளில் பிறந்தது.
யாழினி, நாலு முடிந்து மூன்று மாசம்: தலையைச் சாய்த்துத் தொட்டாள். ஜி.ஹெச்.சில் பிறந்தவள், சர்டிபிகேட் பீரோவில்.

வக்கீல் மேடத்துக்கு போன் போட்டேன். "தெருப் பசங்களை எல்லாம் கூண்டுல ஏத்த முடியாது செல்வி" என்று சிரித்தார்.

அம்மா உள்ளே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெளியே வந்து யாழினியின் கையை இறக்கிவிட்டு, யாரிடமோ பேசுவது போல, "நேரா நின்னிருந்தா நீயும் தொட்டிருக்க மாட்ட" என்றாள்.

"இன்னாம்மா?"

"உங்கப்பாதான். சாரு பேரு எழுதக் குனிஞ்சப்ப உன் தலைய ஒரு விரலால சாய்ச்சுவிட்டாரு. உன் விரலு காதுல பட்டுச்சு. சாரும் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டாரு. அந்த வருசம் விட்டா மாட்டுக்குப் பின்னால போயிடுவன்னு அவருக்கு பயம்."

அப்பா விரல் என் தலையில் பட்டது ஞாபகம் இல்லையே என்று அழுகையாக வந்தது. ஆனாலும் விடவில்லை.

"இதை செவ்வாக்கிழம சொல்லு."

"செத்தவர பொய்யன்னு ஊரு முன்னால நான் சொல்லணுமா?"

ஐந்து வருஷமாக இதுதான் அவள் தொண்டையில் நின்றிருக்கிறது. நான் என்னவோ சி. போட்ட சோறு என்று நினைத்திருந்தேன். ஆட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

சி. வந்தார். சாத்துக்குடி, ஆப்பிள். என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் பேச்சு.

"அண்ணி, பதினெட்டுன்னு இருக்கிற பத்திரத்துல கைநாட்டு வச்சது நீங்க. இப்ப மாத்திச் சொன்னா உள்ள வச்சிடுவாங்க. அண்ணன் பேரும் கெடும். யோசிச்சிக்கோங்க."

அப்புறம் என் பக்கம் திரும்பி, லாட்ஜ்காரர் ராசியாகப் போக ஒரு தொகை சொல்கிறார் என்றார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அது மனசில் உட்கார்ந்துகொள்ளும்.

"அன்னிக்கி எனக்குப் பரோட்டா, இன்னிக்கி அம்மாவுக்கு ஆப்பிளா?" என்றேன்.

"திமிரு" என்றார்.

ஆமாம், திமிர்தான். பழப் பையை அவர் வண்டியிலேயே கொண்டுபோய் மாட்டினேன். யாழினி ஒரு ஆப்பிளை அதற்குள் கடித்துவிட்டாள். கடித்ததையும் பையில் போட்டேன்.

அம்மா ராத்திரி சாப்பிடவில்லை. அப்பா படத்தைத் துடைத்துவிட்டுப் படுத்தாள்.

ஜூலை 15, செவ்வாய்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

அம்மா காலையில் தானாகவே பச்சைப் புடவை கட்டிக்கொண்டாள். கோர்ட் வாசலில் சி. வந்து அவளைக் கூட்டிப் போய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். அவளும் போனாள். நான் எதிர் பெஞ்சில்.

கூண்டில் ஏறினாள். அவர்கள் வக்கீல் நல்ல பிள்ளை மாதிரி கேட்டார். "பத்திரம் பதிஞ்ச அன்னைக்கு உங்க பொண்ணுக்கு வயசு பதினெட்டு முடிஞ்சிருந்துச்சு, இல்லைங்களாம்மா?"

"இல்லைங்க. பதினேழு. பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் பொறந்தவ."

சி. பாதி எழுந்தே விட்டார். வக்கீல் குரல் மாறியது.

"பொய்னு தெரிஞ்சேதான் கைநாட்டு வச்சீங்களா?"

"தெரிஞ்சுதான் வச்சேன். வைக்கலைன்னா சோறு இல்லைன்னாங்க. தப்புதான். ஜெயிலுன்னா கூட்டிட்டுப் போங்க."

"அப்ப பள்ளிக்கூடத்துல உங்க வீட்டுக்காரர் சொன்னதும் பொய்யா?"

அந்தக் கேள்விக்காகத்தான் செத்துப்போன அப்பாவை நடுவில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போச்சு என்று நினைத்தேன்.

"ஆமாங்க, பொய்தான்" என்றாள். "பத்து மாசம் நான் சுமந்தேன். அவ படிக்கணும்னு அவரு ஒரு பத்து மாசம் சேத்தாரு. அவரு சேத்த அந்தப் பத்து மாசத்த வச்சுத்தான் இவங்க அவ நிலத்த வித்தாங்க. இதுல யாரு பொய்யன்னு நீங்களே எழுதிக்கோங்க."

டைப் அடிக்கிற பெண் நிறுத்திவிட்டாள். ஜட்ஜ், இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லுங்கம்மா என்றார். அம்மா மறுபடி சொன்னாள். முதல் தடவையை விடச் சத்தமாக.

வெளியே சி. எங்களைத் தாண்டித்தான் வண்டிக்குப் போக வேண்டும். "வீட்டு வாசல் மிதிக்காதீங்க இனிமே" என்று அம்மாவிடம் சொன்னார். "நல்லது" என்றாள்.

வக்கீல் மேடம்: இனி வாதம், அப்புறம்தான் தீர்ப்பு, எப்போது என்று சொல்ல முடியாது, தீர்ப்பு வந்தாலும் அவர்கள் மேலே போவார்கள். போகட்டும். நாங்களும் போவோம்.

ஜூலை 16, புதன்

விடியற்காலை நல்ல மழை. பிளக்கில் தண்ணீர், ஸ்டார்ட் ஆக நேரம் ஆனது. நாளைக்கு ஆடி ஒன்று.

அம்மாவும் வந்தாள், அடி அண்ணாமலை கோயிலுக்கு. என் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டாள். அப்படி ஏற்றக்கூடாது, தெரியும். பின்னால் நெல்லூர்க் குடும்பம். நீல கேட் பக்கம் வந்ததும் அந்த நெல்லூர் அம்மா மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, தெலுங்கு கலந்த அரைகுறைத் தமிழில், "மஞ்சி இடம். யாருது?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா திரும்பினாள்.

"எம் பொண்ணுது."

"பாதிதான்மா" என்றேன்.

"ரோட்டைப் பாத்து ஓட்டு."