கீழே போட்டால் உன்னுடையது

மார்ச் 4, திங்கள்

எல் போர்டைக் கையாலேயே பிய்த்து எறிந்தேன். திருப்புளி தேடப் பொறுமையில்லை. வெள்ளிக்கிழமை ஓட்டுநர் தேர்வில் பாஸ். இனி எவ்வளவு பெரிய மோட்டார் சைக்கிளும் ஓட்டலாம். இருப்பது என்னவோ அதே நூற்றிருபத்தைந்து சிசி குட்டிதான்.

பள்ளிக்கூடச் சமையலறையில் கைதட்டினார்கள். பாலின் சும்மா இருப்பாளா? "இருபத்திரண்டு வருஷமா புருஷன் டெஸ்மண்ட் முதுகைக் கட்டிக்கிட்டுப் போனவ. இனிமே எதைக் கட்டிக்குவே, லொரெய்ன்?"

சாயங்காலம் பக்ஸ்டன் ஏற்றத்தில் குட்டி நாற்பது மைலுக்கு மேல் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. பின்னால் கருங்கல் ஏற்றிய லாரி, கண்ணாடி முழுக்க அதன் மூக்கு. ஓரமாக ஒதுங்கி வழி விட்டேன். நாற்பத்தேழு வயதுக்காரி, வேலியோரம், ஒரு லாரிக்காக.

மே கடைசியில் அரைப்பருவ விடுமுறை. எங்கள் பைக் கிளப்பில் ஆறு வண்டிகள் ஸ்காட்லாந்து போகின்றன. ஜனவரிக் கூட்டத்தில் எழுந்து நின்று, "நான் என் வண்டியில் வருவேன்" என்று எல்லோர் முன்னும் சொல்லித் தொலைத்தேன். குட்டியில் அவ்வளவு தூரம் முடியாது. ஆக, வாங்க வேண்டும். பன்னிரண்டு வாரம் இருக்கிறது.

டெஸ் சொல்கிறான்: "கிடைக்கலேன்னா என்ன, பின் சீட்டு எங்க ஓடிடப் போகுது?" அன்பாகத்தான் சொன்னான். அதனால்தான் எரிகிறது.

மார்ச் 10, ஞாயிறு

மேட்லாக் பாத். வழக்கமான ஞாயிற்றுக்கிழமை. தெரு முழுக்க வண்டிகள், கையில் சிப்ஸ், காகிதத்தில் வினிகர்.

டெஸ் எனக்குத் தெரியாமல் கிளப் நண்பன் நெவிலோடு பேசி முடித்துவிட்டிருக்கிறான். நெவிலின் மனைவி ஓட்டி அலுத்துப்போன தாழ்வான வண்டி, காலை முன்னால் நீட்டி உட்காரும் ரகம்.

"உக்காந்து பாரு. ரெண்டு காலும் தரையில அப்படியே பதியும்."

உட்கார்ந்தேன். பதிந்தது. ஐந்தடி ஒரு அங்குலக்காரிக்கு இது பெரிய விஷயம்தான். பதிந்தது, அவ்வளவுதான். தொலைக்காட்சிக்கு முன்னால் சோபாவில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஐந்து ஆண்கள் சுற்றி நின்று, புதுச்சட்டை போட்டுப் பார்க்கும் குழந்தையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள்.

"சூப்பரா இருக்கு" என்றான் நெவில். எனக்கா, வண்டிக்கா?

மார்ச் 13, புதன்

நெவிலிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டெஸ் சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கோடு மட்டும் பேசினான்.

மார்ச் 27, புதன்

மதிய இடைவேளை முழுக்க விளம்பரம் பார்க்கிறேன். தட்டுகள் ஊறிக்கொண்டிருக்கும், நான் போனில். அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் ஒவ்வொரு வருடச் சோதனையிலும் என்ன குறை எழுதினார்கள், எத்தனை மைல் ஓடியிருந்தது, எல்லாம் வந்துவிடுகிறது. யாரோ முன்பின் தெரியாதவர்களின் தேய்ந்த பிரேக்கையும் துருப்பிடித்த செயினையும் படித்துக்கொண்டிருக்கிறேன். பாலின் காதல் கதை படிப்பது மாதிரி.

இன்று ஒன்று. "ஒரே உரிமையாளர், மழையில் நனைந்ததே இல்லை." 2015இல் முப்பத்தோராயிரம் மைல். 2016இல் பதினாலாயிரம். வண்டி பின்னோக்கி ஓடியிருக்கிறது போலும். இரவு டெஸ்ஸிடம் காட்டினேன். வாய்விட்டுச் சிரித்தான். "என்னைவிடப் பெரிய சந்தேகப் பேர்வழி நீ." உருளைக்கிழங்கு விவகாரம் அத்தோடு தீர்ந்தது.

ஏப்ரல் 6, சனி

செஸ்டர்ஃபீல்டில் சிவப்பு வண்டி. நான் போகும் முன்பே அந்த ஆள் வாசலில் எடுத்து வைத்திருந்தான், பளபளவென்று. கையை எஞ்சின் பக்கம் நீட்டினேன். சூடு.

"வரேன்னு போன்லயே சொன்னேனே, ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு."

"சும்மா... கொஞ்சம் சூடு பண்ணி வெச்சேன், உங்களுக்காக."

எனக்காகவாம். குளிர்ந்த எஞ்சினில் கிளம்பாது என்பதை மறைக்கத்தான். நன்றி சொல்லிவிட்டுக் குட்டியில் ஏறி வந்துவிட்டேன். பெருமையாக இருந்தது, பத்து மைல் வரைக்கும். பிறகு இல்லை. ஏழு வாரம்தான் பாக்கி. வேண்டாம் வேண்டாம் என்று சொல்வதில் நான் தேறிவிட்டேன். வேண்டும் என்று எப்போது சொல்வது?

ஏப்ரல் 20, சனி

என்ன செய்துவிட்டேன்!

வரிசையாக எழுதுகிறேன், அப்போதாவது புரியட்டும்.

லீக் ஊரைத் தாண்டி ஒரு கிராமம். விற்பவன் பெயர் ஓவன், முப்பது வயதிருக்கும், தோளில் மூன்று மாதக் குழந்தை. "இவ பொறந்ததும் வீட்டுல போட்ட முதல் சட்டம், வண்டி போகணும்" என்றான். அறுநூற்று ஐம்பது சிசி, இரட்டை சிலிண்டர், நீலம், உயரம். எஞ்சின் பனிக்கட்டி மாதிரி குளிர்ந்திருந்தது. முதல் தட்டிலேயே கிளம்பியது. சோதனைப் பதிவிலும் ஒரு பொய் இல்லை. டெஸ்ஸிடம் சொல்லாமல் பாலின் காரில் வந்திருந்தேன். அவள் காரிலேயே உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள்.

ஓட்டிப் பார்க்கும் முன் முழுப் பணத்தையும் கொடுத்தேன், இரண்டாயிரத்து அறுநூறு பவுண்டு. அதுதான் வழக்கம். ஓவன் கை நீட்டினான்.

"பணம் என் கையில, வண்டி உங்க கையில. கீழ போட்டா உங்களோடது. சரிதானே?"

"சரி" என்று கை குலுக்கினேன். எல்லோரும் சொல்வதுதான், டெஸ்ஸே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறான்.

ஒன்பது மைல். அந்த ஒன்பது மைலைப் பற்றி எழுத வரவில்லை. மலையேற்றத்தில் கையை லேசாகத் திருப்பினேன், மலை வழிவிட்டது. ஹெல்மெட்டுக்குள் நான் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து அவன் வீட்டு வாசலில் திரும்புகிறேன். சரிவு, சரளைக்கல். நிறுத்தி இடது காலை ஊன்றினேன். பள்ளத்துப் பக்கம். அங்கே தரை இல்லை. அதாவது, இருந்தது, என் கால் போகும் தூரத்தில் இல்லை. வண்டி மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்தது. பிடிக்கலாம் என்று நினைக்க நேரம் இருந்தது, பிடிக்கப் பலம் இல்லை.

கிளட்ச் லீவர் முனை உடைந்தது. இண்டிகேட்டர் தொங்கியது. டேங்கில் கை நீளத்துக்குக் கீறல். குழந்தை அழுதது. பாலின் சாண்ட்விச்சோடு ஓடி வந்தாள். மூன்று பேருமாகத் தூக்கினோம்.

ஓவன் நல்லவன். முகம் வெளிறியும் சொன்னான்: "பரவாயில்ல, விடுங்க. லீவருக்கும் லைட்டுக்கும் ஏதாவது குடுங்க போதும். மிச்சத்தை வாங்கிக்குங்க." பணக்கட்டை என் பக்கம் நீட்டினான்.

"இல்ல. பேசினா பேசினதுதான்" என்றேன்.

யார் சொன்னது? நானா? வாங்கியிருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். பாலின்கூட விலாவில் இடித்தாள். ரோஷம். வேறென்ன? நாற்பது நிமிடம், முப்பது மைல் வேகத்தைத் தாண்டாமல் வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

ஒன்பது மைல் சிரித்தேனே, அதற்காக வாங்கினேனா? கீழே போட்டதற்காக வாங்கினேனா? நான் வண்டியைத் தேர்ந்தெடுத்தேனா, வண்டி என்மேல் விழுந்ததா?

ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு

டெஸ்ஸிடம் கீறல், லீவர், லைட் எல்லாம் முன்பே அப்படித்தான் இருந்தன என்றேன். அதனால்தான் விலை குறைவு என்றும் சேர்த்துக்கொண்டேன். ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று. அவன் குனிந்து டேங்கை விரலால் தடவினான்.

"உயரம் ஜாஸ்தியாச்சே, லொரெய்ன்."

"பழகிக்குவேன்."

"ம்."

பாலினிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

மே 3, வெள்ளி

குட்டியில்தான் வேலைக்குப் போகிறேன். மழை என்றேன். மழை இல்லை.

மே 6, திங்கள்

விடுமுறை. வண்டியை வெளியே உருட்டினேன். சந்துமுனையில் நிறுத்தினேன். ஏறவில்லை. திரும்ப உள்ளே உருட்டினேன். எதிர்வீட்டு ஜன்னலில் திரை அசைந்த மாதிரி இருந்தது. பார்த்தால் பார்க்கட்டும், எனக்கென்ன.

புது லீவர் போட்டாயிற்று. பயத்துக்கு உதிரிப்பாகம் எங்கே விற்கிறார்கள்?

மே 8, புதன்

டெஸ் தன் வண்டியின் பின் ஸ்பிரிங்கை இறுக்கி வைத்திருக்கிறான். இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பார்த்துவிட்டது அவனுக்குத் தெரியாது.

கொட்டகையில் நின்று அழுதேன். ஆத்திரத்தில். அவன்மேல் இல்லை. அவன்மேலும்தான்.

மே 11, சனி

காலையில் முட்டை வேகும்போது சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். வாசல், சரிவு, நீட்டிய பணம், வாங்காமல் வந்தது.

டெஸ் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை. "இண்டிகேட்டர் இடுக்குல சரளைக்கல்லு ஒட்டிட்டிருந்துச்சு. நீ வந்த அன்னைக்கே பாத்தேன்."

"ஏன் கேக்கல?"

"நீ ஏன் சொல்லல?"

முட்டை கல்லாகிவிட்டது.

பிறகு அவன்: "திருப்பி நீட்டின பணத்தை வாங்காம வந்தியா? கிறுக்கா புடிச்சிருக்கு?"

"நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே?"

தேநீரைக் கலக்கினான், சர்க்கரை போடாத தேநீரை. கடைசியில், "கீழ போட்டா வாங்கித்தான் ஆகணும்" என்றான். அவ்வளவு கடுப்பிலும் சிரிப்பு வந்துவிட்டது.

உடனே எழுந்துவிட்டான். சீட்டைச் சீவிக் குறைக்கலாம், ஸ்பிரிங் இணைப்பை மாற்றித் தாழ்த்தலாம், இல்லையென்றால் நெவில் வண்டி இன்னும் விற்கவில்லை, ஒரு போன் போட்டால்...

"டெஸ். உக்காரு. எதையும் தொடாதே."

"உதவிதானே பண்றேன்."

"பண்ணாம இருக்க முடியுமா? ரெண்டு வாரம்?"

யோசித்தான். நேர்மையானவன், அதை மறுக்க முடியாது. "அது கஷ்டம்" என்றான்.

மே 12, ஞாயிறு

பள்ளிக்கூடச் சாவி என்னிடம்தானே. காலை ஆறு மணிக்கு மைதானத்தில் நானும் நீலமும், தரையில் பிள்ளைகள் பாண்டி ஆட வரைந்த கட்டங்களும்.

இரண்டு காலும் எட்டாது. எட்டவே எட்டாது, அதைப் பற்றிப் புலம்பிப் பயனில்லை. ஒரு கால் போதும். நிறுத்தும் முன்பே எந்தப் பக்கம் தரை மேடு என்று பார்ப்பது, இடுப்பை அந்தப் பக்கம் நகர்த்துவது, அந்தக் காலை முழுசாக ஊன்றுவது. நிறுத்து, கிளம்பு. நிறுத்து, கிளம்பு. அறுபதுக்குப் பிறகு எண்ணவில்லை. இரண்டு தரம் சாயப் பார்த்தது. இரண்டு தரமும் பிடித்துவிட்டேன். தொடை இன்னும் வலிக்கிறது.

மே 17, வெள்ளி

ஐந்து நாளாக நீலத்தில்தான் வேலைக்கு. "ரெண்டு சாண்ட்விச் வாங்கி வெச்சுருக்கேன், எப்ப விழப்போறே?" என்கிறாள் பாலின்.

மே 19, ஞாயிறு

பக்ஸ்டன் ஏற்றம். லாரி. தாண்டினேன்.

அதே சிரிப்பு வந்தது. ஏப்ரலில் வந்ததேதான். அப்படியானால் அது நிஜம். எப்படி வாங்கினேன் என்பதை விடு. யாராவது இன்று இதைத் திருப்பிக் கேட்டால் கொடுப்பேனா? மாட்டேன். இதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம்.

குட்டியை விற்க விளம்பரம் கொடுத்துவிட்டேன்.

மே 24, வெள்ளி

பையைக் கட்டியாயிற்று. கட்டிய சுமையோடு நீலம் இன்னொரு வண்டியாகிவிட்டது. டெஸ் மூன்று தரம் கொட்டகைக்கு வந்து மூன்று தரமும் ஒன்றும் சொல்லாமல் போனான். தூக்கம் வரவில்லை.

மே 28, செவ்வாய் – டார்பர்ட், ஸ்காட்லாந்து

மழை விட்டுவிட்டது.

லொக்ரான்சா படகுத்துறை. ஐந்து வண்டிகளும் முன்னால் போய் வரிசையில் நின்றுவிட்டன. நான் கடைசி. படகுக்கு இறங்கும் சரிவு, ஈரம், பாசி. மேட்டுப் பக்கம் காலை ஊன்றினேன், சரியாகத்தான் ஊன்றினேன், கால் வழுக்கிவிட்டது. நீலம் படுத்துவிட்டது. கார்களில் நாற்பது பேராவது இருப்பார்கள், எல்லோருக்கும் ஜன்னலோர இருக்கை.

வண்டிக்கு முதுகைக் காட்டி, என் பின்பக்கத்தை சீட்டில் அணைத்து, ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக் காலால் உந்தினேன். அசையவில்லை. பைகள். கழற்றாமல் தூக்கப் பார்த்திருக்கிறேன், அறிவுகெட்டவள். மண்டியிட்டு ஒவ்வொரு பட்டையாக அவிழ்த்தேன்.

டெஸ் தன் வண்டியை விட்டு இறங்கி ஐந்தடி வந்தான். நின்றான். அங்கேயே நின்றான். ஒரு நொடி அவன்மேல் கொலைவெறி. பார்த்துக்கொண்டு நிற்கிறானே பாவி! படகுக்காரர் ஒருவர் ஓடி வந்தார். டெஸ் குறுக்கே கையை நீட்டித் தடுத்தான்.

"விட்டுடுங்க. அவ வண்டி."

"என்ன சார், பாவம் அந்தம்மா..."

"அவ வண்டிங்க."

குரல் அவனுடையதாகவே இல்லை. ஹெல்மெட்டை இரண்டு கையாலும் வயிற்றோடு அழுத்திப் பிடித்திருந்தான், யாரோ பிடுங்கப் பார்ப்பது போல. மழைத்தண்ணீர் முகத்தில் வழிந்தது, துடைக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் எனக்காக அவன் செய்த ஆகக் கஷ்டமான காரியம் இதுதான் என்று அப்போது தெரிந்தது.

திரும்பினேன். சீட்டில் முட்டுக்கொடுத்தேன். ஒரு அடி, இன்னொரு அடி, பின்னோக்கி. எழுந்தது. ஸ்டாண்டில் நிறுத்தினேன். கார்களிலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள், கைதட்டு மாதிரி. நான் பைகளை எடுக்கக் குனிந்தேன்.

பைகளைக் கட்டும்போது டெஸ் பக்கத்தில் வந்து நின்றான். "தப்பா ஊனல நீ. பாசி" என்றான். பிறகு, "பட்டையைப் பிடிச்சுக்கவா?"

"பிடிச்சுக்கோ."

இடது இண்டிகேட்டருக்குக் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறேன். எதிர்க்கட்டிலில் டெஸ் குறட்டை விடுகிறான். நாளை ஓபன் என்ற ஊருக்கு. எட்டரைக்குக் கிளம்புகிறோம், நான் முன்னால்.