நாற்பத்து நான்காம் எண் கோட்டு

மெல்பர்ன், மேற்குப் பகுதி
ஜனவரி, புதன்கிழமை

அன்புத் தம்பி ஜெத்ரோவுக்கு அக்கா பிரையனி எழுதிக்கொள்வது.

நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. மூன்று வேளையும் சாப்பிடுகிறாய், யாரோடும் பேசுவதில்லை, போனை முர்ரே ஆற்றில் வீசிவிட்டாய் என்று அம்மா சொன்னாள். ஆற்றுக்குள் கிடக்கிற போனுக்கு எத்தனை தடவைதான் கூப்பிடுவது? அதனால் பேனாவை எடுத்தேன். விரைவுத் தபாலில் போடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். இதையும் ஆற்றில் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுப் போடு.

முதலில் முக்கியமான செய்தி. உன் கால்பந்து கிளப்பிலிருந்து எனக்குப் போன் வந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போன எல்லோரும் திரும்பிவிட்டார்களாம், நீ மட்டும்தான் வரவில்லையாம். வருகிற திங்கட்கிழமை காலைப் பயிற்சிக்கு நீ வராவிட்டால் ஆட்டக்காரர் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்துவிடுவார்களாம். மரியாதையாகத்தான் பேசினார்கள், உடம்பு சரியில்லையா என்றுகூடக் கேட்டார்கள். ஆமாம், வயிற்றுப்போக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன். வந்ததும் நீயும் அதையே சொல். இன்னொரு வியாதியைச் சொல்லி என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

அப்பாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது? பாதாம் மரத்தை உலுக்கிக் காய் உதிர்க்கும் வண்டியில் இந்த வருடம் ஏறவேண்டாம் என்று சொல். கேட்கமாட்டார், இருந்தாலும் சொல். சித்தப்பா டெரில் உனக்குப் பாதாம் ஆலையில் மறுபடி வேலை வாங்கித் தருவதாகச் சொன்னாராமே. அவர் நல்ல மனிதர். ஆனால் அந்த வேலை எங்கும் ஓடிவிடாது. நமக்கு அந்த வேலையைக் கொடுப்பதற்கு இந்த நாட்டில் யாரும் என்றைக்கும் தயங்கியதில்லை. உனக்கு முப்பது வயதானாலும் கொடுப்பார்கள், முதுகு போகும்வரை கொடுப்பார்கள். அங்கே உன்னை யாரும் வீண் என்று சொல்லமாட்டார்கள்தான். அங்கே உன்னைப் பற்றி யாரும் எதுவுமே சொல்லமாட்டார்கள்.

நீ எதைப் படித்துவிட்டு ஓடினாய் என்று எனக்குத் தெரியும். நானும் படித்தேன், ஒன்று விடாமல். கிளப்புகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நாளில், கடைசிக்கு முந்தின ஆளாக நாரைகள் கிளப் உன் பெயரைச் சொன்னது. ஐந்து நிமிடத்திற்குள் ரசிகர்கள் இணையத்தில் ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன் உன்னை லாட்டரிச் சீட்டு என்றான். இன்னொருவன் பாதாம் மூட்டை என்றான். அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தாலும் லாபம்தான் என்று ஒருவன் எழுத, அதற்கு நூற்றுக்கணக்கில் கைதட்டல். எல்லோருக்கும் ஹ்யூகோ பென்ரோஸ் வேண்டுமாம். முன்வரிசையிலேயே போய்விடுவான் என்று பேசப்பட்ட பணக்காரப் பள்ளிப் பையன், எப்படியோ கடைசிவரை மிஞ்சியிருந்தானாம். அவனை விட்டுவிட்டு, இளையோர் இறுதியாட்டத்தில் மூன்றே மூன்று தடவை பந்தைத் தொட்ட உன்னை எடுத்தார்களாம். ஹ்யூகோவை அடுத்த கிளப் அள்ளிக்கொண்டு போய்விட்டதாம். இதைத்தான் இரண்டு மாதமாகச் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் காலை ரேடியோவில் ஒருத்தி போன் போட்டுப் பேசினாளே, நீகூடக் காரில் கேட்டாயே, "அந்தப் பையனுக்கு உதைக்கவே தெரியாதுய்யா, எங்க வீட்டு நாய் அத விட நேரா மூத்திரம் போகும்" என்று. அவள் பெயர் கிளெனிஸ். பஸ் ஓட்டுகிறாள். எங்கள் ரசிகர் படையில்தான் இருக்கிறாள். நான் உன்னிடம் சொல்லவில்லை. போன வாரம் வரை நானும் அவளோடு பேசவில்லை.

இப்போது போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

ஆட்டத்துக்கு முன் எங்கள் ஆட்டக்காரர்கள் கிழித்துக்கொண்டு ஓடிவரும் காகிதப் பேனரை ஒட்டுகிற கொட்டகை இருக்கிறதல்லவா, வருடத்தின் முதல் கூட்டம் அங்கேதான். நாற்பது டிகிரி வெயில். கோழி வெட்டும் ஆலையில் பகல் வேலையை முடித்துவிட்டு, கையில் அந்த வாடையோடு நேராகப் போனேன். முதல் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. உனக்குத் தெரிந்திருக்காது. பட்டியலில் உள்ள ஒவ்வோர் ஆட்டக்காரனின் எண்ணையும் வாசிப்பார்கள். யாராவது ஒருவர் கை தூக்கி அந்த எண்ணை எடுத்துக்கொண்டு, குளிர்கால ஆட்டங்களுக்குப் போடும் தன் கம்பளிக் கோட்டின் முதுகில் தைத்துக்கொள்ள வேண்டும். வருடம் முழுக்கக் களத்திலேயே இறங்காதவனாக இருந்தாலும் அவனுக்கு ஒரு கோட்டு இருக்கும். சொந்தக்காரர்கள் தைத்துக்கொண்டால் அது கணக்கில் சேராது. எவனோ ஒருவனின் அம்மா மட்டுமே அவனுக்குக் கோட்டு போட்டு, அது பெரிய கேலியாகிப்போனதால் வந்த விதியாம். ஆக, உன் எண் நாற்பத்து நான்கை நான் எடுக்க முடியாது.

எண்களுக்கு வருமுன்பே சண்டை ஆரம்பித்துவிட்டது. வாரன் என்று ஒருவன், வீடு விற்கும் தரகன். எல்லா ஆட்டக்காரர்களின் புள்ளிவிவரத்தையும் அச்சடித்துக்கொண்டு வந்து எல்லோர் கையிலும் திணித்தான். என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "உன் தம்பிங்கறதுக்காக சொல்லல பிரையனி. ஆனா இது சூதாட்டம்மா. நொண்டிக் குதிர மேல பணம் கட்டுன கத" என்றான். குரல் தாழ்ந்தால் பேச்சு மரியாதையாகிவிடும் என்று நினைப்பவன்.

அந்த இறுதியாட்டத்தை முழுசாகப் பார்த்தாயா என்று கேட்டேன். "எதுக்கு? வெட்டி ஒட்டின வீடியோ பாத்தேன். அதுலதான் உன் தம்பியே இல்லயே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. கொட்டகையில் ஒரு பழைய டிவி இருக்கிறது. என் போனை அதில் இணைத்து, அந்த ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியை முழுசாகப் போட்டேன். பந்தைப் பார்க்காதீர்கள், எதிரணியில் ஆடிய ஹ்யூகோவை மட்டும் பாருங்கள் என்றேன். முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு அடங்கினார்கள். ஹ்யூகோ எங்கே திரும்பினாலும் நீ, அவன் ஓடினால் நீ, அவன் நின்றால் நீ. அவன் கையால் பிடிக்கவேண்டிய பந்தையெல்லாம் உன் முஷ்டி தட்டிவிடுகிறது. தட்டிவிட்டதற்கு வாரனின் தாளில் கட்டம் கிடையாது, பந்தைத் தொட்ட கணக்கிலும் அது சேராது. பின்னால் இருந்து ஒருத்தன், "யோவ், இவன் கக்கூஸுக்குப் போனாலும் கூடவே போயி கதவப் புடிச்சுப்பான் போலயே" என்றான். கடைசியில் ஹ்யூகோ உன் மார்பில் கைவைத்துத் தள்ளிவிட்டு நடுவரைப் பார்த்துக் கத்தினானே, அந்த இடத்தில் கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. இந்தத் தடவை உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

வாரனைக் கேட்டேன்: ஹ்யூகோ ஏன் கடைசிவரை மிஞ்சினான்? அந்த ஒரு ஆட்டத்துக்குப் பிறகுதானே எல்லா கிளப்பும் அவனைக் கண்டு தயங்கியது? அன்றைக்கு அவன் பந்தைத் தொடாததற்கு யார் காரணம்? அவனை விட்டுவிட்டீர்களே என்று இரண்டு மாதமாக அழுகிறீர்கள், அவனை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவனைத்தான் நாம் எடுத்திருக்கிறோம்.

அவன் ஒத்துக்கொண்டான் என்றா நினைக்கிறாய்? அவன் வீடு விற்கிறவன். "சரிம்மா, ஒட்டிக்கிட்டு ஓடினான். அது ஆட்டமா? அது நாய் வேல. யாரு வேணா செய்வாங்க" என்றான்.

யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஜெத்ரோ, இந்த வாக்கியத்தை நான் தினமும் கேட்கிறேன். கோழி ஆலையில் கோழிகள் நகர்ந்துவரும் வரிசையின் வேகத்தைக் கூட்டும்போது மேலாளர் இதைத்தான் சொல்கிறார். யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்கிறவர்கள் ஒருத்தரும் வந்து செய்வதில்லை. ஹ்யூகோவுக்கு ஓட ஒரு பயிற்சியாளர், உதைக்க ஒரு பயிற்சியாளர், பேட்டி கொடுக்கச் சொல்லித்தர ஓர் ஆள். உனக்கு ஆட்டத்துக்கு முந்தின நாள்கூடப் பாதாம் ஆலையில் ஷிஃப்ட். அவன் சொதப்பினால் நேரம் சரியில்லை, நீ சொதப்பினால் பிறப்பே சரியில்லை. அவன்மேல் யாரும் சூதாடவில்லை, ஏனென்றால் அவன் அப்பன் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டான். நான் வாரனிடம் இவ்வளவு அழகாகச் சொல்லவில்லை. "வாய மூடு வாரா, நாய்க்காவது ஓடத் தெரியும், உனக்கு படி ஏறினாலே மூச்சு வாங்குது" என்றுதான் சொன்னேன்.

பிறகு எண்களை வாசித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கைகள் எழுந்தன. நாற்பத்து நான்கு என்றதும் ஒரு கையும் எழவில்லை. இப்போதுதான் டிவியைப் பார்த்துச் சிரித்தவர்கள், ஒவ்வொருவரும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரசிப்பது வேறு, முதுகில் சுமப்பது வேறு. வாரன் சொன்னான்: "மே மாசம் தாங்கமாட்டான். நூலு வேஸ்ட். அடுத்தத வாசி." வாசிக்கிறவரும் அடுத்த எண்ணுக்குப் போக வாயைத் திறந்துவிட்டார்.

"இரு" என்றது ஒரு குரல். கிளெனிஸ்.

அவள் முதுகில் பல வருடமாக ஏழாம் எண், கேப்டனுடையது. அதைப் பிடிக்க மூன்று பேர் காத்திருக்கிறார்கள். அவள் கோட்டைத் திருப்பி மேசைமேல் போட்டாள். தையலைப் பிரிக்கிற கத்தியை எடுத்து ஏழாம் எண்ணை அறுத்தெடுக்க ஆரம்பித்தாள். அறுத்துக்கொண்டே பேசினாள், யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் ரேடியோல சொன்னது சொன்னதுதான். அவன் உதைக்கறது கண்றாவி. நான் தேர்வுக் குழுல இருந்திருந்தா அவன எடுத்திருக்கவே மாட்டேன். ஆனா பட்டியல்ல பேரு ஏறிடுச்சுன்னா அவன் நாரை. கோட்டு இல்லாம ஒரு நாரையக் களத்துல எறக்கின வழக்கம் நமக்கு இல்ல. நீ ஆளப் பாத்து தைக்கற வாரா. நான் கிளப் சட்டயப் பாத்து தைக்கறேன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "இந்தாடி, உன் தம்பிகிட்ட சொல்லு. அவன் நம்பர முதுகுல போட்டுக்கிட்டு முன் வரிசையில நின்னு அவன வண்ட வண்டயா திட்டப்போறேன். வீட்ல உக்காந்து டைப் அடிக்கறவனுக்கெல்லாம் அந்த உரிம கெடையாது. எனக்கு உண்டு."

நான் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடித்திருப்பாள். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

நீ வராவிட்டால் வாரன் ஜெயித்துவிடுவான். மே மாதம்கூட இல்லை, ஜனவரியிலேயே ஓடிவிட்டான் பார் என்பான். அதற்குப் பிறகு நான் எந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டுவது?

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும், இதுவரை சொன்னதில்லை. நான் உன்னைவிட நன்றாக உதைப்பேன். உனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். பதினாலு வயதானதும் பெண்களுக்கு அணி இல்லை, இனிமேல் பையன்களோடு ஆடக்கூடாது என்று நம் ஊர் கிளப்பில் என் சட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இப்போது பெண்களுக்கும் லீக் வந்துவிட்டது, நல்லது, வந்தபோது நான் கோழி வெட்டிக்கொண்டிருந்தேன். என்னை வீண் தேர்வு என்று ஒருத்தனும் திட்டவில்லை. திட்டுவதற்கு என் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அந்த நிம்மதி எப்படி இருக்கும் என்று என்னைக் கேள், சொல்கிறேன். அதைத் தேடித்தான் நீ ஊருக்கு ஓடியிருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏறு. அம்மாவிடம் டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டேன். சோபாவில் உனக்குப் படுக்கை போட்டிருக்கிறேன். ஃபிரிட்ஜில் கோழிதான் இருக்கும், முகம் சுளிக்காதே. ஷூவை மறந்துவிடாதே, நீ மறப்பவன்.

வந்து சாதிக்கவேண்டும், எல்லோர் வாயையும் அடைக்கவேண்டும் என்றெல்லாம் நான் வாழ்த்தப்போவதில்லை. அப்படி வாழ்த்தினால் நானும் வாரன் கட்சி ஆகிவிடுவேன். நீ மோசமாகவே ஆடு. நடு மைதானத்தில், அத்தனை ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, கோல் கம்பத்துக்கு நேராக நின்று பந்தைக் கார் நிறுத்தும் இடத்துக்கு உதை. அடுத்த வாரமும் போய் நில். அந்தப் பணக்காரப் பிள்ளைகளுக்கு எத்தனை தடவை தப்பு செய்ய இடம் இருக்கிறதோ அத்தனை தடவை உனக்கும் உண்டு. அதை நீயாக விட்டுக்கொடுக்காதே.

வந்துவிடு தம்பி.

இன்னும் கோபம் ஆறாத உன் அக்கா,
பிரையனி