விண்டேஜ் என்று எழுத மாட்டேன்

மார்ச் 3, திங்கள்

அக்காவுக்கும் எனக்கும் இன்று ஒரு சொல்லால் சண்டை. சண்டை என்றால், நான் பேசினேன், அவள் மரம் இழைத்துக்கொண்டிருந்தாள்.

வருடத்துக்கு ஆறு கிட்டார் செய்கிறாள், எல்லாம் தன் கையாலேயே. நடுவில் இருக்கும் வட்டத் துளை வழியே பார்த்தால் உள்ளே ஒரு சீட்டு தெரியும். போன வருடத்திலிருந்து அதை எழுதுவது என் வேலை. பத்தொன்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவளின் கையெழுத்து வீணாகக் கூடாதாம். இன்று முடிந்த கிட்டாருக்கு 'விண்டேஜ்', அதாவது பழங்காலத்தது, என்று எழுதச் சொன்னாள். மரத்தூள் வாசனைகூட இன்னும் போகவில்லை அதற்கு!

"போன வாரம் பொறந்த பிள்ளைக்குத் தாத்தான்னு பேர் வைப்பியா?" என்று கேட்டேன்.

"வயசையா சொல்றேன்? செஞ்ச விதத்தைச் சொல்றேன்டி."

எழுத மாட்டேன் என்றுவிட்டேன். தெரிந்தே ஒரு பிழையை நான் அச்சுக்கு அனுப்பியதில்லை. "சரி, நம்பும்போது எழுது" என்றாள். வெற்றுச் சீட்டு என் மேசையில் கிடக்கிறது.

மார்ச் 5, புதன்

அவள் வேலை செய்வதை நாள் முழுக்கப் பார்க்கலாம். மேல்பலகையைக் காதருகே பிடித்து விரலால் தட்டுகிறாள். அடியில் ஒட்டிய தாங்கு குச்சியில் ஒரு சீவல் எடுக்கிறாள். மறுபடி தட்டுகிறாள். எனக்கு எல்லாத் தட்டும் ஒன்றுதான். அவளுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிகிறது. எனக்குப் பேச்சையே நிறுத்தத் தெரியாது.

விண்டேஜ் என்றால் என்னென்ன என்று கேட்டு வைத்தேன். சூட்டில் வாட்டி ஈரம் போக்கிய மரம். மெலிந்த தாங்குகள். இருப்பதே தெரியாத மெல்லிய பூச்சு. இவை மூன்றும் ஒலிக்காக, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாலாவதாக, மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கும் அந்தத் தோல் பசை? முந்தின நாளே ஊறவைத்து, வெந்நீருக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கி, அந்த நாற்றத்தையும் சகித்து... வெள்ளைப் பசைதான் பாட்டிலில் கிடைக்கிறதே?

"என்னைக்காவது தேவைப்படும்" என்றாள். அவ்வளவுதான் பதில்.

மார்ச் 7, வெள்ளி

கண்ணாடி மாற்ற வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

அக்கா மரம் பார்க்க வெளியூர் போயிருக்கிறாள். புதன்தான் வருவாள். பள்ளியில் பாட்டு சொல்லித்தரும் டீச்சர் காலையில் ஓடி வந்தார். இரண்டு வருடம் முன்பு அக்காவிடம் வாங்கிய கிட்டார். மூடிய காரில், உச்சி வெயிலில் மூன்று மணி நேரம் வைத்துவிட்டாராம். கம்பிகளைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜ் பெயர்ந்து கையோடு வந்துவிட்டது.

"சனிக்கிழமை பிள்ளைங்க நாற்பது பேர் பாடணும். என்னோட கைத்தவறுதான். எப்படியாவது..." கண் கலங்கிவிட்டது அவருக்கு.

உள்ளே எட்டிப் பார்த்தேன். அக்காவின் கோழிக் கிறுக்கலில் 'விண்டேஜ்'. பார்த்தாயா, உன் தோல் பசை வெயிலுக்கே தாங்கவில்லை, நான் சொன்னேனே என்று ஒரு சந்தோஷம் வந்தது. வெட்கம்தான், ஆனால் வந்தது.

வெள்ளைப் பசை வாங்கி வந்து நானே ஒட்டிவிட்டேன். இனி எந்த வெயிலுக்கும் அசையாது. அக்கா திரும்பி வந்து பாராட்டட்டும்.

மார்ச் 12, புதன்

பாராட்டினாள்!

கம்பி மாட்டி ஒரு ஸ்வரம் மீட்டினாள். இன்னொன்று. முகம் மாறியது. "இதை யாரு ஒட்டினது?"

இறுக்கும்போது ஈரப் பசையில் பிரிட்ஜ் வழுக்கியிருக்கிறது. ஒரு நெல்மணி அகலம்கூட இல்லை. என் கண்ணாடிக்குத் தெரியவில்லை, அவள் காதுக்குத் தெரிந்துவிட்டது. இனி எப்படிச் சுதி கூட்டினாலும் மேலே போகப் போகப் பிசகும்.

தோல் பசையாக இருந்தால் சூடான கத்தியைச் செருகி அரை மணியில் சுத்தமாக எடுத்துவிடலாமாம். என் பசை மரத்தின் நாருக்குள் இறங்கிவிட்டது. அதன் மேல் தோல் பசை பிடிக்கவும் பிடிக்காது. பலகை கிழிந்தால் கிட்டாரே போச்சு. ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்! நாற்பது பிள்ளைகள். அக்காவோட பேர். யாரு கேட்டா என்னை? நான் ஏன் எல்லாத்துலயும் மூக்கை நுழைக்கணும்?

அவள் திட்டவில்லை. கத்தியைத் தீட்ட உட்கார்ந்துவிட்டாள்.

மார்ச் 13, வியாழன்

காலை ஏழிலிருந்து மாலை நாலு வரை. கத்தியைச் சுடவைத்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். இரண்டு இடத்தில் நார் பெயர்ந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அவள் அந்தச் சிராய்களை எடுத்து டீ சாஸரில் பத்திரமாக வைத்தாள், பிறகு அதனதன் இடத்திலேயே பதிக்க.

"அழாம லைட்டைப் பிடிடி. நிழல் விழுது."

பிடித்தேன். மிச்சப் பசையைச் சுரண்டியபடியே அவளாகச் சொன்னாள்: "நான் செய்யறது எதுவும் கெடாதுன்னு நினைக்கிற அளவுக்கு எனக்குத் திமிர் இல்லை. அறுபது வருஷம் கழிச்சு முகம் தெரியாத ஒருத்தர் இதைத் திறப்பாங்க. கிழிக்காம திறக்க அவங்களுக்கு ஒரு வழி விடணும். பழைய கிட்டார் எல்லாம் இன்னைக்கும் பாடுதுன்னா, அன்னைக்கு யாரோ வழி விட்டிருக்காங்க."

என் அக்காவை எனக்கு நாற்பத்தாறு வருடமாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

பசையை இன்று நான் உருக்கினேன். நாற்றம் குறையவில்லை.

மார்ச் 14, வெள்ளி

காய்கிறது. யாரும் தொடவில்லை. நான்கூட.

மார்ச் 15, சனி

டீச்சர் வந்ததும் அக்கா "சரியாயிடுச்சு" என்று முடிக்கப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டீச்சர் சிரித்தார். "நான் வெயில்ல வச்சேன், நீங்க வெள்ளைப் பசை வச்சீங்க. பாவம், அது என்ன பண்ணும்!"

விழாவுக்குப் போனேன். பிள்ளைகள் தொடங்கும் முன் அவர் ஒரே ஒரு கம்பியை மீட்டினார். கடைசி வரிசை பெஞ்சில் ஊன்றிய என் முழங்கை வரை அதிர்ந்து வந்தது அந்த ஒலி. அதைச் செய்தவள் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தில் ஒட்டிய பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

கொடுத்தனுப்பும் முன் உள்ளே, சீட்டுக்குப் பக்கத்தில், பென்சிலால் எழுதியிருக்கிறேன்: 'மார்ச் 10, பிழை: தங்கை. மார்ச் 13, திருத்தம்: அக்கா.' முகம் தெரியாத அந்த ஒருத்தருக்குத் தெரிய வேண்டும்.

மார்ச் 17, திங்கள்

வெள்ளைப் பசை இனி தபால் உறைகளுக்கு. புதுக் கண்ணாடி வந்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு, மேசையில் கிடந்த சீட்டை எடுத்து, 'விண்டேஜ்' என்று எழுதினேன். மை காயும்வரை காத்திருந்தேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "தாத்தாவுக்குப் பேர் வச்சாச்சா?"

"வச்சாச்சு" என்றேன். ஒட்டுவதற்குப் பாட்டிலைத் தேடவில்லை. கிண்ணத்தை வெந்நீரில் வைத்தேன்.