மாமாவின் கடையும் என் உபகாரச் சம்பளமும்

அனுப்புநர்:
மு. உம்மு குல்சும்,
பள்ளிவாசல் ஒழுங்கை, கெலிஓயா.

பெறுநர்:
காரியதரிசி அவர்கள்,
ஆசிரியப் பயிற்சி உபகாரச் சம்பளக் குழு,
கண்டி.

பொருள்: பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தும் உதவி மறுக்கப்பட்டது பற்றிய முறைப்பாடு.

கனம் பொருந்திய ஐயா,

1. நான் முப்பத்திரண்டு வயதுடைய விதவை. கெலிஓயாவில் ஒரு தனியார் பெண்கள் பாடசாலையில் ஆறு வருடம் தமிழும் தையலும் படிப்பித்தேன். சென்ற வருட முடிவில் மலேரியாக் காய்ச்சல் பரவியபோது பாடசாலை மூடப்பட்டது, பிறகு திறக்கவேயில்லை. ஜனவரி தொடக்கத்தில் அதே காய்ச்சலில் என் கணவர் முஹ்ஸின் காலமானார். தெல்தோட்டைத் தோட்டங்களுக்குப் புடவை சுமந்து விற்றவர் அவர்.

2. பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவருக்கு இடமில்லை என்று, கணவர் இருக்கும்போதே நான் வேலை கேட்டுப் போன பாடசாலைகள் எல்லாம் கைவிரித்தன. ஆகவே இத்தா இருந்த நான்கு மாதமும் பத்து நாளும் அறைக்குள் இருந்தபடியே கணக்கும் பூமிசாத்திரமும் படித்தேன். துக்கம் காக்கும் நாளில் புத்தகம் எதற்கு என்று பேசியவர்களும் உண்டு. பயிற்சிக் கல்லூரியின் ஜூன் மாதப் பிரவேசப் பரீட்சையில் இரண்டாவதாகத் தேறினேன்.

3. வருமானமில்லாத, முப்பத்தைந்து வயதுக்குட்பட்ட எவரும் உதவி கோரலாம் என்பது தங்கள் அறிவித்தல். அதை நம்பி விண்ணப்பம் கொடுத்தேன். பாதுகாவலரின் ஒப்பம் இல்லையென்று தங்கள் இலிகிதர் திருப்பித் தந்தார். தந்தையும் கணவரும் உயிரோடு இல்லை என்றேன். அப்படியானால் உறவில் மூத்த ஆண் ஒருவரிடம் ஒப்பம் வாங்கி வரச் சொன்னார்.

4. தெல்தெனியவில் சில்லறைக் கடை வைத்திருக்கும் என் தாய்மாமா சாஹுல் ஹமீதிடம் போனேன். ஆறு வருடம் ஊர்ப் பிள்ளைகளைக் கட்டி மேய்த்த உனக்கு நான் என்ன காவல், மகள், என்று கேட்டுவிட்டுத்தான் அவர் ஒப்பமிட்டார். மாமா வேறு பகுதியில் குடியிருப்பதால் அவ்வூர்த் தலைவரான ஆராச்சியாரின் அத்தாட்சியும் வேண்டுமென்றார் இலிகிதர். மறுபடியும் தெல்தெனிய. ஆராச்சியார் காணி வழக்கொன்றுக்காக, நான் பஸ் மாறி வந்த அதே கண்டிக்குப் போயிருந்தார். இன்னொரு முறை போன பிறகே அத்தாட்சி கிடைத்தது.

5. இம்மாதம் 12ஆம் திகதி தங்கள் கந்தோரிலிருந்து பதில் வந்தது. பாதுகாவலர் கடை உரிமையாளராதலால் விண்ணப்பதாரி வசதியற்றவர் அல்லர், ஆகவே நிராகரிக்கப்படுகிறது, என்று எழுதியிருந்தது.

6. ஐயா, பாதுகாவலர் வேண்டுமென்று நான் கேட்கவில்லை. தங்கள் கந்தோர்தான் கேட்டது. மாமாவுக்கு ஐந்து பெண் பிள்ளைகள். அவர் கடையிலிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒப்பத்துக்குச் செலவான மை மட்டுமே. இதை நேரில் சொன்னபோது, இந்த வயதில் படிப்பு எதற்கு, தைத்துப் பிழைக்கலாமே என்று இலிகிதர் புத்தி சொன்னார். பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் உட்கார எனக்கு வெட்கமில்லை. அவருக்கு ஏன் சங்கடம் என்று விளங்கவில்லை. மூடிய பாடசாலையின் பிள்ளைகள் இன்றும் சிலேட்டோடு என் வாசலுக்கு வருகிறார்கள். நான் சான்றிதழ் இல்லாதவள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

7. கல்லூரி இம்மாதம் 31ஆம் திகதி வரைதான் என் இடத்தை வைத்திருக்கும். பிறகு அது பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். ஆகையால் மாமாவின் பெயரை நீக்கி, என் நிலையை மட்டும் பார்த்து, விண்ணப்பத்தை மீண்டும் குழுவின் முன் வைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இயலாதென்றால், முப்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்குப் பாதுகாவலர் வேண்டுமென்பது எந்த விதி என்று தங்கள் கையொப்பத்துடன் எழுதித் தரவும். கந்தோர் ஜன்னலில் இலிகிதர் வாயால் சொல்லும் பதிலைச் சுமந்துகொண்டு இன்னொரு முறை வீடு திரும்ப என்னால் இயலாது.

வரும் வியாழக்கிழமை, கந்தோர் திறக்கும் வேளையில் வந்து காத்திருப்பேன். மாமா வரமாட்டார். தனியாகத்தான் வருவேன்.

கெலிஓயா,
19 ஆகஸ்ட் 1935.

இங்ஙனம்,
மு. உம்மு குல்சும்