ஈரத்துண்டு கட்டிய வீரனுக்கு

ஒலக்கூர்

அன்பு மகன் சித்தார்த்தனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆடும் குட்டியும் சுகம், நீயும் சுகம் என்று போனில் சொன்னாய், அதை நம்ப நான் என்ன உன் முதலாளியா. போனில் பேசினால் மேஸ்திரி பக்கத்திலேயே காதை நீட்டிக்கொண்டு நிற்கிறானாம், அதனால் லீவு முடிந்து மலேசியா திரும்பும் இருதயராஜ் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கும்போது மூக்கில் ரத்தம் வந்து நீ விழுந்ததை அவன்தான் சொன்னான். உடனே திண்டிவனம் போய் உன்னை அனுப்பிய ஏஜென்ட் தாண்டவராயனைப் பிடித்தேன். ஏசியில் உட்கார்ந்துகொண்டு, இன்னாம்மா, உம்மவன் ஊர்ல அடிக்காத மருந்தா என்கிறான். அப்போ நீ டேங்க்கை முதுவுல மாட்டிக்கினு போய் அடிய்யா, நான் உன் சேர்ல குந்திக்கினு இருக்கேன் என்றேன். பெரிய மனுஷனுக்கு அப்போதுதான் எங்கிருந்தோ போன் வந்துவிட்டது.

நீ மட்டும் என்ன, மூக்கில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு அடிக்கிறாயாம், அப்பா கற்றுக்கொடுத்த வித்தை. நர்சம்மா பிரபாவதி கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார், ஈரத்துணி மருந்தை உறிஞ்சி மூக்குக்கே கொடுக்குமாம். முப்பது வருஷமாய் அப்பாவுக்குத் துண்டை நனைத்துக் கொடுத்தது யார், இந்த மகராசிதான். அவர் இருமினால் பீடியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

உங்கள் ஆபீஸ் அலமாரியில் முகமூடியும் கையுறையும் பூட்டி இருக்கிறதாம், அதிகாரி வரும் நாளில் மட்டும் உற்சவர் மாதிரி வெளியே வருமாம். இப்போது அதெல்லாம் கொடுத்தோம், இவன்தான் போடவில்லை என்று காகிதம் எழுதி உன்னிடம் கையெழுத்துக் கேட்கிறார்களாம். போட்டுத் தொலைக்காதே. நாளைக்குக் கண் போனாலும் உன் தப்பு என்பான். வேலை போனால் போகட்டும்டா. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ, மருந்து கேனில் ஒட்டியிருக்கும் பேரைப் படம் பிடித்து டாக்டரிடம் காட்டு. மருந்து பட்ட துணியோடு சோற்றில் கை வைக்காதே.

நேற்று நிலத்துக்காரர் நெடுஞ்செழியன் தன் மல்லாட்டைப் பயிருக்கு மருந்தடிக்க அப்பாவைக் கூப்பிட்டார். முகமூடி குடுங்க, அடிக்கிறேன் என்றாராம் இவர். மாப்ள முறுக்கா பெரியசாமி என்று சிரித்தாராம். இவர் டேங்க்கை வரப்பில் இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கூலி இல்லாமல் வந்த மனுஷனுக்கு மீன் குழம்பு வைத்துப் போட்டேன். அவரே வாயைத் திறந்து கேட்டுவிட்டார், உனக்கு என்னடா வெட்கம்.

கண்ணும் மூச்சும் நல்லபடியாய் நூறு வருஷம் இரு ராசா. ஆஸ்பத்திரியை மறக்காதே. இந்தக் கடிதத்தில் கையெழுத்தை நான் போடுகிறேன், அந்தக் காகிதத்தில் நீ போடாதே.

உன் அம்மா
பெ. பூமாலை