இருதயராஜை எழுப்பும் சொல்

நாள் 364, 06:10
இதைக் கண்டெடுத்துப் படிக்கிற மகராசருக்கு, சரக்குக் கப்பல் 'சங்குமணி'யிலிருந்து அமலோற்பவம் எழுதுவது. காற்று சரி. வெப்பம் சரி. பின்னால் இழுத்து வரும் பனிப்பாளங்களும் சரி. பூமிக்கு இன்னும் முப்பது வருசம். கப்பலில் இரண்டே பேர், நானும் என் வீட்டுக்காரர் இருதயராஜும். ஒருவர் பெட்டிக்குள் ஒரு வருசம் உறைந்து தூங்க, மற்றவர் காவல். முறை மாறும்போது மட்டும் பதினைந்து நாள் இருவரும் விழித்திருப்போம். எங்கள் குடும்ப வாழ்க்கையே அதுதான். நாளை அவரை எழுப்ப வேண்டும். சாளைக் கருவாடு ஒளித்து வைத்திருக்கிறேன். கெஞ்சினால்தான் கிடைக்கும்.

நாள் 364, 15:40
பூமியிலிருந்து கணினிக்குப் புது இயங்குதளம் வந்தது. 'சரி' என்பதை அமுக்கினேன். அணைந்து எரிந்தது. கல்யாணப் பெண் மாதிரி மினுக்குகிறது.

நாள் 365, 05:55
பவுடர் எல்லாம் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பெட்டியைத் திறக்கும் கட்டளைகள் கணினியின் வட்டில் பூட்டிய பகுதிக்குள் இருக்கின்றன. திருடருக்குப் பயந்து கம்பெனி போட்ட பூட்டு. கடவுச்சொல் தட்டினேன். திறக்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு. எழுத்தைத் தேடித் தட்டினால் விடிந்துவிடும் என்று, அவர் என் விரலைப் பிடித்து இடம் பழக்கினார். கண்ணை மூடிக்கொண்டே தட்டுவேன். திரையில் எழுத்து தெரியாது, புள்ளிதான் விழும்.

06:20
பூமிக்குச் சொல்லியாயிற்று. சேதி போக முக்கால் மணி, பதில் வர முக்கால் மணி, ஆக ஒன்றரை மணி நேரம்.

07:05
ஒரு வருசம் பொறுத்தவளுக்கு இந்த ஒன்றரை மணி நேரம் பொறுக்கவில்லை. மறுபடி தட்டினேன். மெதுவாகவும் தட்டிப் பார்த்தேன். சிவப்பில் ஏதோ ஆங்கிலம் ஓடியது. திட்டுகிறது போல. நானும் திட்டிவிட்டு இன்னொரு தடவை தட்டினேன். சிவப்பு போய்விட்டது. திறந்துகொண்டது என்று நினைத்தேன்.

07:52
பூமிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கவின்மொழி:
"அக்கா, கைய எடுங்க! புதுசு போட்டதுல விசைப்பலகை அடுக்கு மாறிருச்சு. உங்க விரல் பழைய இடத்துக்குத்தான் போவும், எழுத்து வேற விழும். நாலஞ்சு தடவை தப்பாப் போனா பூட்டு தன் சாவியத் தானே அழிச்சிரும். தட்டாதீங்க, நான் ஒவ்வொரு எழுத்தாச் சொல்றேன்."
அவள் இதைப் பேசிய நேரத்தைக் கணக்குப் பார்த்தேன். நான் தட்டிக்கொண்டிருந்த அதே நேரம்.

நாள் 366, 11:30
"அக்கா... சாவி போயிருச்சு. அண்ணன் பெட்டிய இனி யாராலயும் திறக்க முடியாது. நீங்களா உடைச்சிராதீங்க, உயிர் போயிரும். மூடியே இருந்தா அப்படியே இருப்பாங்க."
அழுகிறாள். "அழாத தங்கச்சி. காவலுக்கு டிமிக்கி கொடுக்க அந்த ஆளுக்கு ஒரு சாக்கு கிடைச்சிருச்சு, அவ்வளவுதான்" என்று அனுப்பினேன். அனுப்பிவிட்டு ஒலிவாங்கியை அணைத்தேன். அதற்கப்புறம்தான் வாய்விட்டு அழுதேன்.

நாள் 371
நான் தூங்கினால் எழுப்ப ஆளில்லை. அதனால் முப்பது வருசமும் நான்தான் காவல்.

நாள் 390-ஓ என்னவோ
பெட்டிக் கண்ணாடியில் என் முகமும் அவர் முகமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. எனக்குக் காதோரம் நரை. அவருக்கு இல்லை. இனி வராது. யோவ், நீர் மட்டும் மாப்பிள்ளையாகவே இரும்.
படிக்கிறவரே, நீங்கள் வரும்போது பெட்டிக்கு வெளியே ஒரு கிழவி கிடப்பாள். உள்ளே இருக்கிறவருக்குத் தாய் என்று எழுதிவிடாதீர்கள். பெண்டாட்டி. பெண்டாட்டி என்று எழு