பக்கத்து வீட்டுக்காரர்கள்

நசரத்பேட்டை,
4.8.2025

அன்புள்ள வசந்தா அக்காவுக்கு,

நானும் யாழினியும் சுகம். போனில் பேசினால் பிள்ளை பக்கத்திலேயே நின்று கேட்கிறாள், அதனால்தான் கடிதம். அவர் புனேயிலிருந்து பொங்கலுக்குத்தான் வருவார்.

புதிதாக ஒரு மொழிபெயர்ப்பு வேலை. எங்கோ ஒரு நாட்டில் நடந்த படுகொலையில் தப்பியவர்களின் வாக்குமூலங்கள். கொன்றது ராணுவம் இல்லை அக்கா, பக்கத்து வீட்டுக்காரர்கள். முந்தின வாரம் கல்யாணப் பந்தியில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்ப வாசித்துத்தான் தமிழில் எழுத முடிகிறது. சோறு இறங்கவில்லை.

உன் தங்கை,
எழிலரசி


கோவில்பட்டி,
13.8.2025

அன்பு எழில்,

அந்த வேலையை விட்டுத் தொலை என்றால் கேட்கவா போகிறாய்? யாராவது வாசிக்கத்தானே வேண்டும் என்பாய். எதிர் வீட்டு ஷர்மிளாவிடம் போய் நாலு வார்த்தை பேசு. நல்ல மனுஷி என்று நீதானே சொன்னாய்? நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


நசரத்பேட்டை,
29.8.2025

அக்கா,

ஷர்மிளா மீன்குழம்பு கொடுத்தனுப்பினாள். கொட்டிவிட்டேன். ஏனென்று கேட்காதே.

நேற்று நல்ல மழை. பள்ளி வேன் வரவில்லை. ஷர்மிளாவின் வீட்டுக்காரர் தங்கவேல் யாழினியை வண்டியில் கூட்டிவந்து வாசலில் நின்றார். "மழ ஊத்துதும்மா. கொயந்த தனியா நின்னுகினு இருந்திச்சு, அதான் இட்டாந்தேன்" என்றார். அவர் கை அவள் தோளில் இருந்தது. எனக்கு அந்தக் கை மட்டும்தான் தெரிந்தது. காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியால் அதைக் கீறிவிட்டேன்.

அவருக்குத் தையல் போட்டிருக்கிறார்கள். போலீசுக்குப் போகவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. எதற்காகக் காத்திருக்கிறார்கள்?

எழில்


கோவில்பட்டி,
5.9.2025

எழில், என் கண்ணே,

ஷர்மிளாவிடம் பேசினேன். அழுதாள். "எனக்கு எழிலப் பாத்தா கோவம் வரலக்கா, பயமாத்தான் கீது. நீங்க வர்ற வரிக்கும் நாங்க பாத்துக்கிறோம்" என்றாள். உன் மேல் ஒரு கண் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். பதினாலாம் தேதி வருகிறேன். உன்னைத் திட்ட மாட்டேன். டாக்டரிடம் போவோம். அந்தத் தாள்களை மூடி வை.

அக்கா


நசரத்பேட்டை,
11.9.2025

அக்கா,

வர வேண்டாம்.

நீ அவர்களிடம் பேசியிருக்கிறாய். நாங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தையும் சொல்லியிருப்பாய்.

வாக்குமூலங்களில் ஒரு பெண் வருகிறாள். பிள்ளையோடு அவள் ஒளிந்திருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது சொந்த அக்கா. அழுதுகொண்டேதான் காட்டிக்கொடுத்தாளாம். நேற்று அந்தப் பக்கத்தை முடித்தேன்.

யாழினியின் துணிகளைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன். எங்கே போகிறோம் என்று கேட்கிறாள். அவளிடமும் சொல்லவில்லை.

நீ நல்லவள் என்று எனக்குத் தெரியும் அக்கா. அந்தப் பெண்ணும் தன் அக்காவைப் பற்றி அப்படித்தான் சொல்கிறாள்.

எழில்